செல்லம்மா செய்த தவறுகள்

ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் பக்கம் காரில் போகிறவர்கள் நேராகத் திருவொற்றியூர் தேரடி வழியாகப் போவார்கள். ஜெபின் மட்டும் மாதவரம் சுற்றிக்கொண்டு போவான். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் இவன். "தேரடியில மெட்ரோ வேலை நடக்குது" என்று மனைவி ஜெமிமாவிடம் சொல்லி வைத்திருந்தான். மெட்ரோ வேலை முடிந்து ரயிலே ஓட ஆரம்பித்து எத்தனையோ நாளாயிற்று, இவன் இன்னும் மாதவரம்தான். ஒருநாள் ஜெமிமா கேட்டேவிட்டாள்: "தேரடியில யாருக்குங்க பயப்படுறீங்க?" அவன் ஹாரனை அழுத்தினான். முன்னால் வண்டியே இல்லை.

அவன் பயந்தது குப்பம்மாவுக்கு. தேரடியில் கருவாடு விற்கிறவள். ஒருநாளும் அவனை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவன் தைரியமாக அந்த வழியே போயிருப்பான்.

ஜெபின் மீஞ்சூர் பக்கம் ஒரு எம்பிஏ கல்லூரியில் மார்க்கெட்டிங் வாத்தியார். அங்கே பாடம் என்றால் புத்தகத்தை வாசித்துக் காட்டுவதில்லை. கேஸ். நிஜமான ஒரு கம்பெனியின் கதையைப் பத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் முந்தின நாளே படித்து வந்து, அந்த முதலாளி செய்தது சரியா தப்பா என்று வகுப்பில் பிய்த்து உதறுவார்கள். வாத்தியார் வாயிலிருந்து பதில் வரக்கூடாது. கேள்வி கேட்பதும், பிள்ளைகள் சொல்வதைப் போர்டில் எழுதுவதும்தான் அவர் வேலை. சோப்புக் கம்பெனி, ஸ்கூட்டர் கம்பெனி என்று வரிசையாக நடத்திக்கொண்டு வந்து, ஏழாவது வாரம் ஜெபின் தானே எழுதிய கேஸை எடுப்பான். கருவாடு கேஸ். வடக்கே ஏதோ மாநாட்டில் அதற்குப் பரிசு கொடுத்தார்கள். சான்றிதழைக் கண்ணாடி போட்டு இயக்குநர் அறை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். அவன் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகவேண்டும், அதற்கு மாதவரம் வழி கிடையாது.

கேஸில் குப்பம்மாவின் பெயர் செல்லம்மா. பெயரை மாற்றி எழுதுவது வழக்கம்தான். ஊரை மாற்றவில்லை, சரக்கை மாற்றவில்லை. திருவொற்றியூரில் பத்தொன்பது வருஷம் நடைபாதையில் கருவாடு விற்ற ஒரு பெண், பெரிய கடைகளுக்கு விற்கும் ஆசையில் பளபளவென்று ஒரு கவரில் கருவாட்டை அடைத்து, மூச்சு விடாதபடி சீல் வைத்து, இங்கிலீஷில் ஒரு பெயரும் போட்டு, நடைபாதையை விட்டு எழுந்தாள். பத்து மாதத்தில் எல்லாம் படுத்துவிட்டது. இதுதான் கதை. செல்லம்மா தீர்மானித்தாள், செல்லம்மா முடிவெடுத்தாள், செல்லம்மா கைவிட்டாள் என்று பத்துப் பக்கத்தில் பதினோரு இடத்தில் வரும்.

அந்தப் பதினோரு தீர்மானத்தில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. அத்தனையும் ஜெபின் சொன்னது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கல்லூரியில் சிறு வியாபாரிகளுக்கு உதவி செய்கிறோம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஜெபினுக்கு உடனே குப்பம்மா ஞாபகம் வந்தது. அவன் அம்மா அவளிடம்தான் நெத்திலி வாங்குவாள். நல்ல சரக்கு, மண் இருக்காது, உப்பு அளவாக இருக்கும். அவன் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தேரடியில் போய் நின்றான். "அக்கா, உங்க சரக்குக்கு நீங்க எங்கேயோ இருக்கணும். நாத்தம்தான் உங்க பிரச்சனை. அதை மட்டும் மூடிட்டா பணக்காரங்களும் வாங்குவாங்க" என்றான். நாற்றமாம். அவன் வீட்டில் சனிக்கிழமை கருவாட்டுக் குழம்பு கொதித்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மோப்பம் பிடிக்கிறவன் அவன்.

அப்புறம் சொன்னதுதான் பெரிய கேடு. "ஒரே சரக்கு ரோட்டிலயும் இருந்து ஏசி கடையிலயும் இருந்தா மதிப்பு போயிடும். ரோட்டை விட்டுடுங்க" என்றான்.

குப்பம்மா யோசித்தாள். தேரடிச் சந்தையில் இடத்துக்குப் பட்டாவும் கிடையாது, சீட்டும் கிடையாது. தினமும் உட்கார்ந்தால் இடம் உன்னுடையது, அவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் தங்கச்சி மகள் வந்து உட்காருவாள். வீட்டில் சாவு விழுந்தால்கூட யாராவது ஓடிப்போய்ச் சாக்கை விரித்து ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வருவார்கள். நாலு வாரம் சாக்கு விரிக்காவிட்டால் ஐந்தாவது வாரம் அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், யாரும் அவளைக் கேட்க முடியாது. அதனால் குப்பம்மா கேட்டாள்: "எடம் பூடுமே நைனா?"

"இனிமே உங்களுக்கு இடம் எதுக்கு அக்கா?" என்றான் ஜெபின்.

இது தெரியாத வீட்டுப் பிள்ளையா அவன்? அவன் அப்பா தவசிமுத்து நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். சொந்த மகள் கல்யாணத்தன்று விடிகாலையில் ஷட்டரைப் பாதி தூக்கி, ஏழு மணிவரை பாலும் ரொட்டியும் விற்றுவிட்டு, குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு சர்ச்சுக்கு வந்தவர். ஒருநாள் பூட்டினால் வாடிக்கைக்காரன் கால் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடும் என்பார். அந்தப் பிள்ளைதான் பத்தொன்பது வருஷத்து இடத்தை விட்டு எழுந்திரு என்று சொன்னான். படித்துவிட்டான் அல்லவா.

கவர் வந்தது. உள்ளே இருப்பது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கருவாடு வாங்குகிற பெண்கள் வாலை ஒடித்துப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், விரலில் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். மூடி வைத்ததைப் பார்த்ததும், பழைய சரக்கைக் கலந்துவிட்டாள் குப்பம்மா, அதான் மறைக்கிறாள் என்று பேச ஆரம்பித்தார்கள். ஏசி கடைக்காரன் மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினான். அவள் தேரடிக்குத் திரும்பி வந்தபோது பஸ் நிறுத்தத்தை ஒட்டிய அவள் இடத்தில் வேறொரு பெண் நெத்திலி கூறு கட்டிக்கொண்டிருந்தாள். குப்பம்மாவுக்குக் கிடைத்தது கடைசி மூலை. பக்கத்தில் குப்பைத்தொட்டி, எதிரே உச்சி வெயில்.

அப்போதாவது ஜெபின் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை, கேஸ் எழுதினான். கம்பெனியின் கதையை வெளியிட முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும். இங்கிலீஷில் ஒரு தாளை நீட்டி, "ஒரு கையெழுத்து போடுங்க அக்கா, காலேஜுக்கு வேணும்" என்றான். இதில் உள்ள முடிவுகள் அனைத்தும் நானே எடுத்தவை என்று அதில் ஒரு வரி இருந்தது. குப்பம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மெதுவாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். தாளில் மீன் எண்ணெய் ஒட்டிக்கொண்டதற்கு மன்னிப்பும் கேட்டாள். அன்றைக்கு மாதவரம் பக்கம் திருப்பிய வண்டியை அவன் இன்றுவரை நேராக்கவில்லை.

இந்த வருஷம் ஏழாவது வாரம், புதன்கிழமை காலை, இயக்குநர் ரோஸ்மேரி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெபின், இன்னிக்கு உங்க கேஸ்தானே? வெளியிலிருந்து ரெண்டு பேர் நம்ம வகுப்புத் தரத்தைப் பார்க்க வர்றாங்க. பெரிய காலேஜ்ல எல்லாம் கேஸ்ல வர்ற முதலாளியையே வகுப்புக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறாங்க. நானும் கூப்பிட்டுட்டேன்."

"யாரை மேடம்?"

"உங்க செல்லம்மாவைத்தான். சம்மதக் கடிதத்துல நம்பர் இருந்துச்சு, நானே பேசினேன். கார் அனுப்பியாச்சு. அவங்களுக்காக இன்னிக்குத் தமிழ்லயே நடத்துங்க. அடுத்த வாரம் உங்க புரொபசர் பதவிக்கு இன்டர்வியூ இருக்கு, மறந்துடாதீங்க. அதுக்கும் நல்லது."

அவங்க வேலையைக் கெடுக்க வேண்டாமே மேடம், வெயிலாக இருக்கிறதே மேடம் என்று ஜெபின் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அதற்குள் கார் வாசலில் வந்து நின்றது.

குப்பம்மா அரக்குக் கலரில் புதுச் சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஜெபினைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா நைனா, இப்டி எளச்சிட்ட? வூட்ல ஒயுங்கா சோறு போடலியா? மேடம் போன் பண்ணாங்கோ. உன் கதைய வச்சித்தான் எங்க சாரு பாடம் நடத்துறாருன்னாங்கோ. எங்க வூட்டுக்காரரு எத்திராஜு நம்பவே இல்ல. கருவாட்டுக்கு எவன்டி பாடம் எயுதுவான்னு சிரிக்கிறாரு."

அவள் பாராட்டு விழாவுக்கு வருவது போல வந்திருக்கிறாள் என்று ஜெபினுக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லியிருக்கலாம். கேன்டீனில் உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அக்கா, நான் இப்படி எழுதிவிட்டேன், உள்ளே பிள்ளைகள் உங்களைத் திட்டுவார்கள் என்று சொல்ல முழுசாக இருபது நிமிஷம் இருந்தது. அவன் சொன்னது வேறு.

"அக்கா, நீங்க எதுவும் பேச வேணாம். பின்னால உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருங்க, போதும்."

"நான் இன்னாத்த பேசப் போறேன். கேட்டுக்கினு கீறேன்."

வகுப்பில் அறுபது பேர். கடைசி வரிசையில் குப்பம்மா, பக்கத்தில் ரோஸ்மேரி, அந்தப் பக்கம் வெளியாட்கள் இரண்டு பேர். விருந்தாளி யார் என்று கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ரோஸ்மேரி கண்ணைக் காட்டிவிட்டார். பிள்ளைகளுக்கு யாரோ ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். ஜெபின் வழக்கம்போல போர்டின் உச்சியில் தலைப்பு எழுதினான். ஆறு வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் அவனே படித்தான்: செல்லம்மா செய்த தவறுகள்.

சாண்ட்ரா முதலில் கை தூக்கினாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. "சார், கருவாடுன்னாலே வாசனைதான். அதையே மூடி வச்சிட்டாங்க. தன் கஸ்டமர் யாருன்னே அவங்களுக்குத் தெரியல."

அவன் எழுதினான். ஒன்று, வாடிக்கையாளரை அறியாமை.

"பத்தொம்பது வருஷ இடத்தை விட்டுட்டு யாராவது எழுந்து போவாங்களா சார்? அதுக்குப் பேரு பேராசை" என்றான் இன்னொருவன். வகுப்பு சிரித்தது. அவன் எழுதினான். இரண்டு, பேராசை. படிப்பில்லாததால் வந்த அவசரம் என்றது இன்னொரு குரல். அதையும் எழுதினான்.

கடைசி வரிசைப் பக்கம் பார்க்கக்கூடாது என்று இருந்தவன் பார்த்துவிட்டான். முதலில் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்த குப்பம்மா இப்போது ஆட்டவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே முகத்தில் நின்றிருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாமல். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அந்த அறையில் ஏசி அவ்வளவு குளிர் இல்லை.

அப்போது அலி அக்பர் எழுந்தான். காசிமேட்டுப் பையன், அதிகம் பேச மாட்டான்.

"சார், எனக்கு ஒரு டவுட்டு. எங்கம்மா கருவாடு வாங்கறத நான் சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினு கீறேன். விக்கிறவங்களே ஒடிச்சிக் குடுத்து, மோந்து பாருன்னு சொல்வாங்க. பத்தொம்பது வருசம் வித்தவங்களுக்கு இது தெரியாம இருக்குமா? இத்த அந்தம்மா யோசிச்சிருக்க மாட்டாங்க சார். யாரோ படிச்ச ஆளு சொல்லிக் குடுத்துருக்கான். அவன் யாருன்னு கேஸ்ல காணோமே."

ஜெபினுக்குக் காது இரண்டும் சூடேறியது. நான்தான் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கடைசி வரிசையில் ரோஸ்மேரி குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார், வெளியாட்களும் பார்த்தார்கள்.

"கேஸ்ல இருக்கறதை வச்சுப் பேசுப்பா" என்றான் ஜெபின். "இல்லாத ஆளை உள்ளே கொண்டு வராதே."

அலி அக்பர் உட்கார்ந்துவிட்டான். கேஸ் நடத்துகிற எந்த வாத்தியாரும் சொல்கிற வார்த்தைதான் அது. இந்த வாத்தியார் சொல்லியிருக்கக் கூடாது, அதுவும் அவளை உட்கார வைத்துக்கொண்டு.

மணியைப் பார்த்து ரோஸ்மேரி எழுந்து முன்னால் வந்தார். "இவ்வளவு நேரம் நீங்க பேசின செல்லம்மா இவங்கதான்" என்று குப்பம்மாவைக் கைகாட்டினார். பிள்ளைகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பேராசை என்றவன் தலையைக் குனிந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினான். குப்பம்மா மெதுவாக நடந்து வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் தலைக்கு மேலே அவளுடைய தவறுகள் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எழுதியிருந்தன, ஜெபினின் அழகான கையெழுத்தில்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அலி அக்பரே மறுபடி எழுந்தான். "அந்தக் கவர் போடச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?"

குப்பம்மா ஜெபினைப் பார்த்தாள். ரொம்ப நேரம் எல்லாம் இல்லை, மீனைப் புரட்டிப் பார்த்து விலை சொல்கிற நேரம்தான்.

"யாரும் சொல்லல கண்ணு. நானேதான்" என்றாள். "நாலெயுத்து படிச்சிருந்தா இந்த மாரி ஆயிருக்காது. எனக்குப் படிப்பு இல்ல, அதான். நீங்கல்லாம் நல்லா படிங்கோ."

வகுப்பே எழுந்து நின்று கை தட்டியது. சாண்ட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியாட்களில் ஒருவர், என்ன நேர்மை பாருங்கள் என்று ரோஸ்மேரியிடம் சொன்னது ஜெபினுக்குக் கேட்டது. அவனும் கை தட்டினான். அதைத்தான் அவன் பிறகு நினைத்து நினைத்துக் கூசிப்போனான். எல்லாரும் தட்டும்போது, அவன் கையும் தட்டியது.

இன்னும் பாதி வகுப்பு இருந்தது, நடுவில் டீ நேரம் பதினைந்து நிமிஷம். காரில் ஏற்றிவிடுகிறேன் என்று குப்பம்மாவுடன் இறங்கினான். வாசலுக்கு வந்ததும் அவனால் தாங்க முடியவில்லை.

"ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?"

"மேடம் கார் அனுப்புறப்பவே போன்ல சொன்னாங்கோ, அடுத்த வாரம் உனக்குப் பெரிய வேல குடுக்கறாங்கோன்னு. அத்த நான் கெடுக்கவா? நீ எங்கிட்ட காசா வாங்கின? நல்லதுக்குத்தான சொன்ன. அது கவுந்துப்போச்சி, நான் இன்னா பண்ண முடியும், நீ இன்னா பண்ண முடியும்." கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுதான் நைனா. அன்னிக்கு ஒரு காயிதத்துல கையெயுத்து வாங்கினியே. அதுல இதான் எயுதிக்கீதா? எல்லாம் நான்தான் பண்ணேன்னு?"

ஜெபின் தலையாட்டினான்.

"அத்தப் படிச்சிக் காட்டிருக்கலாம் இல்ல? படிச்சிக் காட்டிருந்தாலும் நான் போட்டிருப்பேன். நம்ம நைனாதானன்னு போட்டிருப்பேன்." கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, "வெயில்ல நிக்காத, உள்ள போ" என்றாள். கார் போய்விட்டது.

அவன் உள்ளே போகவில்லை. வெயிலிலேயே நின்றான். அவமானம் என்றால் முகம் சுடும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். இது முகத்தில் இல்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து அவனுக்குக் கண்ணிலேயே நின்றது. நம்பிக் கொடுக்க இருந்த கையெழுத்தை அவன் ஏமாற்றி வாங்கியிருக்கிறான். கேட்டிருந்தாலே கொடுத்திருப்பாள். அதைத் திருடியிருக்கிறான்.

மணி அடித்தது. மாடியேறி வகுப்புக்குள் போனான். ரோஸ்மேரியும் வெளியாட்களும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள், மீதிப் பாடத்தைப் பார்க்க. போர்டில் ஒன்பது தவறுகளும் அப்படியே இருந்தன. ஜெபின் டஸ்டரை எடுத்தான், கீழே வைத்தான்.

"அலி அக்பர் கேட்டதுக்கு நான் பதில் சொல்லல" என்றான். "கவர் போடச் சொன்னது நான். நாத்தம்னு சொன்னது நான். இடத்தை விட்டு எழுந்திருங்கன்னு சொன்னதும் நான்தான். இடம் போயிடுமேன்னு அவங்க கேட்டாங்க. கேஸ்ல அதை நான் எழுதல. அவங்க முடிவுன்னு எழுதி, இங்கிலீஷ்ல கையெழுத்து வாங்கிட்டேன். அவங்க கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இங்க நின்னு சொன்னது பொய். எனக்காகச் சொன்னாங்க."

ரோஸ்மேரி பேனாவை மூடி வைத்தார். அடுத்த வாரத்து இன்டர்வியூ அந்த மூடும் சத்தத்திலேயே முடிந்துவிட்டது என்று ஜெபினுக்குத் தெரிந்தது. அதில் அவனுக்கு ஆச்சரியமாக ஒரு வருத்தமும் வரவில்லை. கொஞ்சம் மூச்சுக்கூட விட முடிந்தது. சொல்லிவிட்டோம் என்று நினைத்தான்.

சாண்ட்ரா கை தூக்கினாள்.

"சார், இதை அவங்க இருக்கும்போதே ஏன் சொல்லல?"

கேஸ் வகுப்பில் வாத்தியார் பதில் சொல்லக்கூடாது. கேள்வியைத் திருப்பி வகுப்புக்கே போடவேண்டும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. பன்னிரண்டு வருஷமாக அவன் அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறான். இப்போதும் வாய்வரை வந்தது. வெளியே மீஞ்சூர் ரயில் போகிற சத்தம் கேட்டது. குப்பம்மாவின் கார் இந்நேரம் எண்ணூர் தாண்டியிருக்கும்.

"பயம்மா" என்றான். "அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம்."

அவன் எது சொன்னாலும் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். சாண்ட்ரா குனிந்து அதையும் எழுதிக்கொண்டாள்.